உப்பில்லாச் சோறு

அத்தியாயம் 9

போன வாரம் கிருஷ்ணம்மாளைப் பெரம்பலூரில் அவள் அண்ணன் வீட்டு வாசற்படியில் நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். உள்ளே போவாளா, வந்த வழியே திரும்பிவிடுவாளா என்று நீங்கள் ஏழு நாள் யோசித்திருப்பீர்கள். அவள் ஏழு நொடிகூட யோசிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான்கு வருஷமாக அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காதவள் அவள். குடிக்கமாட்டேன் என்று புருஷனின் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னவள். இன்று அதே வீட்டில் சாப்பிடப் போகிறாள் என்றால் பசியினால் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பழகினவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணம்மாளின் புருஷன் வைத்திலிங்கம் மேஸ்திரி. அண்ணன் அமிர்தலிங்கமோ சர்க்கார் மராமத்து இலாகாவில் பதிவு பெற்ற காண்ட்ராக்டர். மைத்துனர்கள் இருவருக்கும் ரகசிய ஏற்பாடு ஒன்று இருந்தது. வேலையை அமிர்தலிங்கம் தன் பெயரில் எடுப்பார். வைத்திலிங்கம் ஆள் வைத்து அடி முதல் நுனி வரை கட்டி முடிப்பார். காகிதத்தில் மட்டும் வைத்திலிங்கம் தினக்கூலி மேஸ்திரி.

யுத்த சமயத்தில் சாத்தனோடையில் ஒரு செங்கல் வளைவுப் பாலம் அப்படித்தான் கட்டினார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய வளைவு இறுக வேண்டுமென்றால், கீழே தாங்கும் முட்டுப் பலகை இருபத்தொரு நாளாவது நிற்க வேண்டும். வேறொரு வேலைக்குப் பலகை தேவைப்பட்டது. வைத்திலிங்கம் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, ஒன்பதாம் நாளே அமிர்தலிங்கம் முட்டுப் பலகையைப் பிரிக்கச் சொன்னார். பன்னிரண்டாம் நாள் சுண்ணாம்புக்கல் ஏற்றிய வண்டி ஒன்று பாலத்தோடு ஓடைக்குள் போயிற்று. வண்டிக்காரன் பிழைக்கவில்லை.

விசாரணைக்கு வந்தவர்களிடம், கூலி மேஸ்திரி சாந்தில் மண்ணைக் கலந்துவிட்டான் என்றார் அமிர்தலிங்கம். அதற்குப் பிறகு வைத்திலிங்கத்தின் கையில் ஒரு செங்கல்லைக் கொடுக்க இரண்டு தாலுகாவிலும் ஆளில்லை. அடுத்த ஆடி வருவதற்குள் போய்விட்டார். ஜுரம் என்றார் வைத்தியர். ஜுரம் இல்லை என்று கிருஷ்ணம்மாளுக்குத் தெரியும்.

மகன் குருநாதனுக்கு இப்போது இருபத்தாறு வயது. அப்பாவோடு பன்னிரண்டு வயதிலிருந்து கரணை பிடித்துச் சுவர் கட்டியவன். அவன் காண்ட்ராக்டராகப் பதிவு கேட்டு மனுப் போட்டிருக்கிறான். மூன்று வேலைகளாவது ஒழுங்காகச் செய்ததற்குப் பதிவு பெற்ற காண்ட்ராக்டர் ஒருவரின் அத்தாட்சி வேண்டும் என்று ஆபீஸில் கேட்டார்கள். அவன் செய்த வேலைகளெல்லாம் மாமா பெயரில் செய்தவை. அத்தாட்சி கொடுக்கக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒரு மனிதர்.

அந்த மனிதர் சொல்லி அனுப்பினார்: குருநாதன் என் வாசலை மிதிக்கக் கூடாது. தங்கச்சி வரட்டும். வந்து, என் வீட்டில் இலை போட்டுச் சாப்பிடட்டும். பிறகு எழுதித் தருகிறேன்.

அதற்கும் காரணம் இருந்தது. அமிர்தலிங்கம் பஞ்சாயத்து போர்டு தேர்தலில் நிற்கப் போகிறார். கூடப் பிறந்தவளின் தாலியை அறுத்தவன் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகியும் அந்தப் பேச்சு போகவில்லை. அதைத் துடைக்க ஒரு சாப்பாடு போதும் என்று கணக்குப் போட்டார்.

*

கிருஷ்ணம்மாள் நேராக அடுப்படிக்குப் போனாள். அங்கே அவள் மகள் புஷ்பவல்லி பருப்பைக் கடைந்துகொண்டிருந்தாள். பாலம் விழுவதற்கு முந்தின வருஷம் அவளை அமிர்தலிங்கத்தின் மகன் பழனிவேலுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அப்போது அது ஊர் மெச்சிய சம்பந்தம்.

அம்மாவைக் கண்டதும் புஷ்பவல்லியின் கண் நிறைந்துவிட்டது. கிருஷ்ணம்மாளுக்கு அழ நேரமில்லை.

"எனக்கு வைக்கிற பருப்புலே, கறியிலே உப்புப் போடாதே" என்றாள் தணிந்த குரலில். "போடறதுக்கு முன்னாடி தனியா எடுத்து வச்சுடு. மோரும் அப்படித்தான்."

"ஏம்மா?"

"கார்த்திகைச் சோமவாரம். விரதம்."

புஷ்பவல்லி மத்தை நிறுத்தினாள். அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் சோமவார விரதம் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆனால் ஒருவர் வீட்டு உப்பைத் தின்றுவிட்டு அவருக்குக் கெடுதல் நினைக்கக் கூடாது என்று அம்மா நூறு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறாள். அம்மாவின் முகத்தையே பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பருப்பில் ஒரு கரண்டி தனியாக எடுத்து வைத்தாள்.

கூடத்தில் இலை போட்டார்கள். வாசல் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தார் அமிர்தலிங்கம். தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று, தாமே வாசல் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தங்கச்சி வந்திருக்கு என்று மூன்று பேரிடம் சொன்னார். மூன்றாவது ஆள் செவிடு. அவரிடம் இரண்டு தரம் சொன்னார்.

இலையின் மூலையில் வழக்கம்போல ஒரு சிட்டிகை உப்பு வைத்திருந்தது. கிருஷ்ணம்மாள் தண்ணீர் தெளிக்கிற சாக்கில் அதை இலைக்கடியில் தள்ளினாள். பிறகு உப்பில்லாத பருப்பையும் உப்பில்லாத வாழைக்காயையும், உலகத்தில் இதைவிட ருசியான சாப்பாடு கிடையாது என்பதுபோலச் சாப்பிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் போடு புஷ்பா, அத்தனை தூரம் பஸ்ஸிலே வந்திருக்கு" என்று அமிர்தலிங்கம் உபசாரம் செய்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "நாலு வருஷ வீம்பு. கடைசியிலே என் உப்பைத் தின்னுதானே ஆகணும்" என்றார்.

கிருஷ்ணம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று அவர் நினைத்தார்.

*

சாப்பாடு முடியுமுன்பே காகித வேலை ஆரம்பமாயிற்று. பழனிவேல் மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தான். அப்பா முன்னால் வாயைத் திறக்காத பிள்ளை. அத்தையை வாங்க என்று கேட்டதோடு சரி, அதன் பிறகு நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அமிர்தலிங்கம் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். ஒன்று, வாலிகண்டபுரத்துப் பள்ளிக்கூடம். இரண்டு, சத்திரத்துக் கிணறு. மூன்று, ஆபீஸர் பங்களா மதில். இந்த மூன்றிலும் வைத்திலிங்கமும் மகன் குருநாதனும் எங்களிடம் வேலை பார்த்துத் திருப்தியாகச் செய்தார்கள். இவ்வளவு போதும். இதில் யாருக்கும் வில்லங்கம் இல்லை. குருநாதனுக்குப் பதிவு கிடைத்துவிடும்.

கிருஷ்ணம்மாள் வந்தது இந்த மூன்றுக்காக இல்லை.

இங்கே ஓர் ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணம்மாளுக்கு எட்டு வயதாயிருந்தபோது அவளிடம் ஒரு குட்டி இருந்தது. சந்தைக்குப் போகிற ஆடுகளோடு அதைச் சேர்க்கிற எண்ணமே அண்ணனுக்கு இல்லை. என் குட்டியை மட்டும் வித்துடாதே என்று அவள் போய்க் காலைப் பிடித்தாள். அன்றைக்கே விற்றான். அவள் பேசாமல் இருந்திருந்தால் குட்டி கிழடாகிச் செத்திருக்கும். அமிர்தலிங்கத்துக்கு அன்று பதினாலு வயது. இன்று ஐம்பத்தைந்து. குணம் அன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கிருஷ்ணம்மாள் எச்சில் கையோடு அண்ணனைப் பார்த்தாள். "அண்ணே" என்றாள். "உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன். பாலத்தை மட்டும் அதுலே எழுதிடாதீங்க."

பிறந்ததிலிருந்து ‘நீ’ என்று பேசிய அண்ணனை இன்று ‘நீங்க’ என்றாள். அது அவருக்கு இனித்தது. பாலத்தின் நினைப்பு அவர் மனசில் அதுவரை இல்லவே இல்லை என்பதை அவர் முகத்தைப் பார்த்த எவரும் சொல்லிவிடலாம். இப்போது வந்துவிட்டது.

"ஏன்? அதுவும் உன் புருஷன் செஞ்ச வேலைதானே" என்றார்.

"அவரு கூலிக்குத்தானே இருந்தாரு. பொறுப்பு உங்களோடதுதானே அண்ணே."

அமிர்தலிங்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. "என் பொறுப்பா? எழுதுடா. நாலாவது, சாத்தனோடைப் பாலம். கல்லு, சுண்ணாம்பு, ஆளு, மேற்பார்வை எல்லாம் வைத்திலிங்கத்தோட சொந்தப் பொறுப்பு. வேலை முழுக்க அவன்கிட்ட விட்டது. எங்களுக்கு அதிலே எந்தக் கையும் கிடையாது. எழுதிட்டியா?"

பழனிவேலின் பேனா நின்றிருந்தது. "அப்பா, அது..." என்று ஆரம்பித்தான்.

"எழுதுன்னா எழுது."

எழுதினான்.

கிருஷ்ணம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். இலையை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். கை கழுவிவிட்டு வருவதற்குள் அப்பாவும் மகனும் உள்ளே போய்க் கையெழுத்து, ரப்பர் முத்திரை எல்லாவற்றையும் முடித்திருந்தார்கள். மடித்த காகிதத்தைப் பழனிவேல் இரண்டு கையாலும் நீட்டினான்.

"பத்திரமா எடுத்துட்டுப் போங்க அத்தை" என்றான். அப்போதுதான் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான்.

அந்தப் பார்வையைப் பற்றி யோசிக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

*

குருநாதன் பஸ் நிற்கிற இடத்தில் புளியமரத்தடியில் காத்திருந்தான். காகிதத்தை வாங்கி ஒரு தரம் படித்தான். மறுபடி படித்தான். கடைசி வரிக்கு வந்ததும் அவன் கண் அங்கேயே நின்றுவிட்டது.

"பாலம் இருக்கா?" என்றாள் கிருஷ்ணம்மாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

"இருக்கும்மா. நாம நெனைச்சதுக்கு மேலேயே எழுதியிருக்கு."

"கையெழுத்து?"

குருநாதன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான். "இருக்கு. முத்திரையும் இருக்கு."

பிறகு சிரித்தான். அப்பா போன பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. பெற்ற வயிறு குளிர்ந்தது. பாதி வழியில் பஸ் மக்கர் செய்தபோதுகூட அவளுக்குக் கோபம் வரவில்லை. அரை மணி நேரம் சோளக்கொல்லையைப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாள்.

திட்டம் அவளுடையது. ஆனால் திட்டத்துக்கு விதை போட்டவன் குருநாதன். மனுப் பாரத்தோடு ஒப்பந்த ஷரத்துக்கள் அச்சடித்த புத்தகம் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை அவன் இரவும் பகலும் படித்தான். பதினோராவது ஷரத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினான். இலாகாவின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் காண்ட்ராக்டர் வேலையைப் பிறரிடம் விடக்கூடாது. விட்டால் பதிவு ரத்து, இனி எந்தக் காலத்திலும் சர்க்கார் வேலை கிடையாது. நான்கு வருஷம் முன்பு விசாரணையில் கூலி மேஸ்திரி என்று சொல்லித் தப்பித்த வாய், வேலையை முழுக்க விட்டேன் என்று தானாக எழுதிக் கொடுத்தால்? அன்றைக்குச் சொன்னது பொய் என்று ஆகும். முட்டுப் பலகையை யார் பிரித்தது என்று மறுபடி கேள்வி வரும்.

எப்படி எழுத வைப்பது என்று குருநாதன் மண்டையை உடைத்துக்கொண்டான். "எழுதாதேன்னு நான் கெஞ்சுறேன்" என்றாள் கிருஷ்ணம்மாள்.

*

அரியலூர் மராமத்து ஆபீஸில் ஹெட்கிளார்க் முத்துசாமி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிப்பவர். கிட்டத்தில் இருப்பது அவருக்கு அப்படித்தான் தெரியும். கிருஷ்ணம்மாள் வெளியே ஜன்னலோரம் நின்றாள். உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது.

முதல் மூன்று வேலை வரைக்கும் முத்துசாமி தலையை ஆட்டிக்கொண்டே படித்தார். நான்காவதற்கு வந்ததும் தலை நின்றது. கடைசி வரையில் படித்தார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு குருநாதனைப் பார்த்தார்.

"தம்பி, இது என்ன காகிதம்னு தெரிஞ்சுதான் கொடுக்கிறியா?"

"தெரியும் சார்."

"பதினோராவது ஷரத்து?"

குருநாதன் அதை ஒரு சொல் பிசகாமல் சொன்னான். முத்துசாமிக்கு வைத்திலிங்கத்தைத் தெரியும். அந்த ஆபீஸின் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பியது வைத்திலிங்கம்தான்.

பிறகு நிதானமாக விளக்கினார். முதல் மூன்று வேலை மட்டும் எழுதிய காகிதம் கொண்டுவந்தால் தை மாதத்துக்குள் உன் பெயர் பட்டியலில் ஏறிவிடும். இந்தக் காகிதம் போனால் உன் மனுவும் விசாரணை முடிகிற வரை தொங்கும். இரண்டு வருஷமும் ஆகலாம். வண்டிக்காரன் செத்த கேஸையும் தூசி தட்டுவார்கள். கையெழுத்துப் போட்டவன்தான் முதலில் கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டும்.

"போட்டவன் யாருன்னு பார்த்தேல்ல?" என்றார்.

"பார்த்தேன் சார். நம்பர் போடுங்க."

வெளியே கிருஷ்ணம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருஷம் என்ன, இருபது வருஷம் தொங்கட்டும். மகன் சித்தாள் வேலைக்குப் போனாலும் சரி. கூண்டில் அண்ணன் நிற்கிறதைப் பார்த்துவிட்டால் அவளுக்குப் போதும். தேர்தலுக்கு வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருக்கிறாராமே, அதையே போட்டுக்கொண்டு கூண்டில் ஏறட்டும்.

முத்துசாமி பெருமூச்சு விட்டு நம்பர் முத்திரையைக் குத்தினார். நாளைக் காலை பத்தரை மணி ரயிலில் தபால் திருச்சிக்குப் போகும், அதற்கு முன்பு மனுதாரரே வந்து கையெழுத்துப் போட்டுக் கேட்டால் காகிதத்தைத் திருப்பித் தரலாம், போன பிறகு பிரம்மா வந்தாலும் முடியாது என்றார். அதைக் குருநாதனைப் பார்த்துச் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

*

வீட்டுக்கு வந்து கிருஷ்ணம்மாள் அடுப்பை மூட்டினாள். சாம்பார் வைத்தாள். உருளைக்கிழங்கு வறுத்தாள். நான்கு வருஷத்துக்குப் பிறகு பாயசம் வைத்தாள். பாயசம் தவிர எல்லாவற்றிலும் உப்பை அள்ளிப் போட்டாள் என்றுகூடச் சொல்லலாம். காலையிலிருந்து செத்துக் கிடந்த நாக்கு அவளுக்கு.

விளக்கு ஏற்றுகிற நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. புஷ்பவல்லி நின்றாள். கையில் பை இல்லை, காலில் செருப்பில்லை. கடைசி பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். கல்யாணம் ஆன பிறகு அவள் தனியாக எங்கும் போனதில்லை.

"வாடி கண்ணு" என்று கிருஷ்ணம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். புஷ்பவல்லி வாங்கவில்லை.

"காகிதத்தைக் கொடுத்துட்டீங்களா?" என்றாள்.

"கொடுத்தாச்சு. உன் மாமனார் கதை முடிஞ்சுது."

"மாமாவுக்கு என்ன வந்துது? அவரு பேரே அதுலே இல்லையேம்மா."

கிருஷ்ணம்மாளுக்குப் புரியவில்லை. புஷ்பவல்லி நின்ற இடத்திலேயே நின்று சொன்னாள். தேர்தலில் நிற்கிறவர் பெயரில் காண்ட்ராக்ட் இருக்கக் கூடாது என்று யாரோ சொன்னார்களாம். சித்திரையிலேயே பதிவை மகன் பெயருக்கு மாற்றிவிட்டாராம். பழைய வேலைகளுக்கெல்லாம் இனி நானே பொறுப்பு என்று மகன் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். இன்றைக்குக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது பழனிவேல்.

"நீ உப்பில்லாமச் சாப்பிட்டப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, ஏதோ செய்யத்தான் வந்திருக்கேன்னு" என்றாள் புஷ்பவல்லி. "மாமாவுக்குத்தான்னு நெனைச்சேன். அதனாலேதான் பருப்பைத் தனியா எடுத்து வச்சேன். நானும் சேர்ந்துதான் செஞ்சேம்மா."

கிருஷ்ணம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். "மாப்பிள்ளைக்குத் தெரியாதா? அந்த ஷரத்து அவருக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சுதான் போட்டாராம். நீ போனப்புறம் சொன்னாரு. முட்டுப் பலகையைப் பிரிச்சது அவருதானாம். மாமா சொல்லி, இவருதான் நின்னு பிரிச்சாராம். நாலு வருஷமா என்கிட்டகூடச் சொல்லலே. அத்தைக்கு இதையாவது செய்யறேன்னு போட்டாராம்."

கிருஷ்ணம்மாள் திரும்பி மகனைப் பார்த்தாள். குருநாதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. தங்கச்சி சொன்ன எதுவும் அவனுக்குப் புதிதாக இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நீ பார்த்தே" என்றாள் கிருஷ்ணம்மாள்.

"பார்த்தேன்."

"மாமன் கையெழுத்து இல்லேன்னு தெரிஞ்சுமா கொடுத்தே?"

"பலகையை உருவினவன் கையெழுத்து இருந்துது. அது போதும் எனக்கு. மாமா வாயாலே சொன்னாரு. கையாலே செஞ்சவன் அவன்தான். வேலைக்காரங்க அன்னைக்கே என்கிட்ட சொல்லிட்டாங்க. புஷ்பாவுக்காக நாலு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்." அவன் தங்கச்சியைப் பார்க்காமலே பேசினான். "நாளைக்கு அவன் கூண்டிலே ஏறட்டும். மகன் போறதை மாமா நின்னு பார்க்கட்டும். அப்பா போறதை நாம பார்த்தோமில்லே."

கிருஷ்ணம்மாள் அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துப் போட்டாள்.

"காலையிலே போய் அதைத் திருப்பி வாங்கிட்டு வந்துடு" என்றாள் கிருஷ்ணம்மாள். "நீ போய்க் கேட்டாத்தான் கொடுப்பாங்க. பத்தரைக்குள்ளே."

"மாட்டேன்."

"குருநாதா."

"நீதானே சொல்லிக் கொடுத்தே? சோறு போடும்போதெல்லாம், மறந்துடாதே, மறந்துடாதேன்னு. நான் மறக்கலே."

அவன் சொன்னது உண்மை. நான்கு வருஷம் ஒரு நாள் தவறாமல் சொன்னாள். சாதத்தோடு அதையும் பிசைந்து ஊட்டினாள் என்றே சொல்ல வேண்டும். அவள் கையால் தின்றவன் இப்போது அவள் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறான். யாரை நொந்துகொள்வது? தன் வயிற்றெரிச்சலுக்கு எல்லை எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மகனுக்குச் சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டாள்.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். வந்த பிள்ளைக்கு முதலில் சோறு போட வேண்டும். இலையை விரித்தாள். பாயசத்தை எடுத்து வைத்தாள். காலையிலிருந்து நீ சாப்பிட்டிருக்க மாட்டாய், சாப்பிடு, உன் அண்ணனிடம் நான் பேசுகிறேன், ராத்திரிக்குள் மனசு மாறிவிடுவான் என்று என்னென்னவோ சொன்னாள். சொல்லிக்கொண்டே பழக்கத்தில் இலையின் மூலையில் ஒரு சிட்டிகை உப்பை வைத்தாள்.

புஷ்பவல்லி மறுபேச்சில்லாமல் இலை முன்னால் உட்கார்ந்தாள். இலைக்குத் தண்ணீர் தெளித்தாள். ஒரு விரலால் உப்பை ஒதுக்கி இலைக்கடியில் தள்ளினாள்.

"எனக்கு வெறும் சோறு போதும்மா" என்றாள், அண்ணனைப் பார்த்துக்கொண்டே. "உப்பில்லாமப் போடு."